தடுப்பூசி நாளின் பத்து நிமிடங்கள்: பெருந்தொற்று குழந்தை மருத்துவத்தை மாற்றிய விதம்

ஒன்பது மாதக் குழந்தையைத் தட்டம்மை ஊசிக்காகத் தூக்கிக்கொண்டு வருகிறார் ஓர் அம்மா. ஊசி போட அரை நிமிடம்கூட ஆகாது. அதற்கு முன்னும் பின்னும் நடப்பவைதான் அதிகம். செவிலியர் எடை பார்த்து, அட்டையைப் புரட்டிப் போன முறை எடையோடு ஒப்பிடுகிறார். மருத்துவர் பேசிக்கொண்டே தலைச் சுற்றளவை அளக்கிறார், உச்சிக்குழியை விரலால் தடவிப் பார்க்கிறார். சாவிக்கொத்தை ஆட்டினால் குழந்தை திரும்புகிறதா, எட்டிப் பிடிக்கிறதா, எப்போதும் ஒரே கையைத்தான் நீட்டுகிறதா என்று கவனிக்கிறார். "ராத்திரி தூங்குறானா?" என்று கேட்கும்போது அவர் பார்வை அம்மாவின் முகத்தில் இருக்கிறது. "ம்ம், தூங்குறான்" என்று பதில் வந்தாலும் அந்தக் குரலின் களைப்பு காதில் விழுந்துவிடுகிறது. எல்லாம் முடிந்து கிளம்பும்போது, கதவருகே நின்று, "டாக்டர், இன்னொரு சந்தேகம்…" என்று அம்மா ஆரம்பிப்பார். பல நாட்களில் அதுவே அன்றைய வருகையின் முக்கியமான விஷயம்.

பதிவேட்டில் இதெல்லாம் 'தட்டம்மை, முதல் தவணை' என்று ஒரே வரியில் முடிந்துவிடும். 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகெங்கும் குழந்தைகளின் அன்றாட மருத்துவத்துக்கு என்ன நேர்ந்தது என்று புரிய வேண்டுமானால், அந்த ஒரு வரிக்கும் அந்த அறையில் நடந்ததற்கும் உள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும். ஒன்றாகக் கட்டி வைத்திருந்த மூட்டையைப் பெருந்தொற்று அவிழ்த்துவிட்டது. ஊசி தனியாகப் போனது. ஆலோசனை போனுக்குப் போனது. சில இடங்களில் ஊட்டச்சத்துக் குறைவைக் கண்டுபிடிக்கும் வேலை அம்மாவின் கைக்கே வந்தது. எண்ணிக்கையில் வருபவற்றை மீட்கப் பெரிய முயற்சிகள் நடந்தன. எண்ணிக்கையில் வராதவற்றைப் பற்றிப் பேச்சே குறைவு. இந்தக் கட்டுரையின் அக்கறை பெரிதும் அவற்றின் மீதுதான்.

வராமல் போன குழந்தைகள்

உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 தொற்றைப் பெருந்தொற்று என்று சொன்னது 2020 மார்ச் 11 அன்று. இரண்டு வாரம் கழித்து, மார்ச் 26 அன்று, தடுப்பூசி பற்றிய அதன் அறிவுரை வந்தது: கூட்டம் சேரும் சிறப்பு முகாம்களை இப்போதைக்கு நிறுத்துங்கள், வழக்கமான தடுப்பூசிகளைத் தொடருங்கள். தாளில் இது தெளிவாக இருந்தது. தரையில் நிலைமை வேறு. பேருந்து ஓடவில்லை. செவிலியர்கள் கொரோனா வார்டுக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். பாதுகாப்பு உடை போதவில்லை. எல்லாவற்றுக்கும் மேல், நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையை நோயாளிகள் வரும் இடத்துக்கு எதற்குத் தூக்கிப் போக வேண்டும் என்ற நியாயமான பயம் இருந்தது. காய்ச்சலில் கொதிக்கும் குழந்தை பெற்றோரைத் தானாகவே மருத்துவரிடம் தள்ளிவிடும். நலமாக இருக்கும் குழந்தையின் வருகைக்கு அப்படித் தள்ளும் விசை எதுவும் கிடையாது. "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று ஒருமுறை சொன்னால் போதும், மாதங்கள் ஓடிவிடும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஐந்து மாத வயதுக் குழந்தைகளின் தடுப்பூசிப் பதிவைப் பார்த்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகள் அந்த வயதுக்குரிய ஊசிகளை முடித்திருந்தார்கள். 2020 மே மாதத்தில் அது பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அதே ஆண்டு லண்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆப்பிரிக்க நாடுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். தடுப்பூசிக்காக வெளியே வருவதால் கொரோனா தொற்றி நேரக்கூடிய ஒவ்வொரு மரணத்துக்கும் எதிராக, வழக்கமான தடுப்பூசியைத் தொடர்வதால் 84 குழந்தைகளின் மரணத்தைத் தவிர்க்கலாம் என்பது அந்தக் கணக்கின் மைய மதிப்பீடு. பெற்றோர் மீது பழி போட இதைச் சொல்லவில்லை. அந்த மார்ச் மாதத்தில் இந்தக் கணக்கு யார் கையிலும் இருக்கவில்லை. ஆனால் அடுத்த முறை முதல் வாரத்திலேயே சொல்ல வேண்டிய செய்தி இது.

நோயுற்ற குழந்தைகளும் வரவில்லை. 2020 மார்ச் இறுதி முதல் ஏப்ரல் இறுதி வரை அமெரிக்காவில் அவசரப் பிரிவு வருகைகள் முந்தைய ஆண்டின் இதே காலத்தைவிட 42 சதவீதம் குறைந்தன. பத்து வயது வரையிலான குழந்தைகளிடம் அந்தச் சரிவு 72 சதவீதம்.

இதில் ஒரு பகுதி நிஜமாகவே நல்ல செய்தி. பள்ளியும் விளையாட்டுத் திடலும் மூடியதும் குழந்தைகளின் வழக்கமான தொற்றுகள் அடங்கின. சின்னக் குழந்தைகளுக்கு மூச்சிரைப்பைக் கொண்டுவரும் ஆர்எஸ்வி வைரஸ், மேற்கு ஆஸ்திரேலியாவின் 2020 குளிர்காலத்தில் 98 சதவீதம் குறைந்தது. இன்ஃப்ளூயன்சா பி வைரஸின் யமகாட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு இயற்கையாகப் பரவியதாக உறுதியான பதிவே இல்லை. அமெரிக்காவில் அந்த ஆண்டின் ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை குழந்தைகளுக்கு வாங்கப்பட்ட ஆன்டிபயாடிக் மருந்துகள் முந்தைய ஆண்டைவிடப் பாதிக்கும் மேல் குறைந்தன. இந்தச் சரிவில் எவ்வளவு நோய் குறைந்ததால், எவ்வளவு மருத்துவரிடம் போகாததால் என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. ஆனாலும் ஒன்று தெரிகிறது. சளிக்கும் இருமலுக்கும் பழக்கத்தால் எழுதப்பட்டுவந்த மருந்துச் சீட்டுகளில் பெரும்பங்கு இல்லாமலேயே குழந்தைகளின் நாட்கள் கழிந்திருக்கின்றன. சாதாரணக் காலத்தில் இப்படி ஒரு சோதனையை யாரும் செய்து பார்த்திருக்க முடியாது.

இன்னொரு பகுதி வேதனையானது. இத்தாலியில் ஐந்து மருத்துவமனைகளின் மருத்துவர்கள், 2020 மார்ச் கடைசி வாரத்தில் மிகத் தாமதமாக வந்த 12 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். பாதிப் பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள், நான்கு பேர் இறந்தார்கள். கொரோனாவுக்குப் பயந்து வீட்டிலேயே வைத்திருந்ததும், உதவி கிடைக்கத் தாமதமானதும் காரணங்கள் என்று அந்த மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

ஜெர்மனியின் கணக்கு இன்னும் தெளிவானது. குழந்தைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவு அமைதியாகத்தான் ஆரம்பிக்கும். தண்ணீர் நிறையக் குடிப்பான், அடிக்கடி சிறுநீர் போவான், படுக்கையை நனைப்பதை எப்போதோ நிறுத்திய பிள்ளை மறுபடி நனைப்பான், எடை குறையும். இந்தக் கட்டத்தில் விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தால் நோய் பிடிபட்டுவிடும். எந்தச் சிறு கிளினிக்கிலும் முடிகிற வேலை. சில நாட்கள் தவறினால் ரத்தத்தில் அமிலம் சேர்ந்து, வாந்தி, வயிற்று வலி, ஆழமான வேக மூச்சு என்று குழந்தை ஆபத்தான நிலைக்குப் போய்விடும். கீட்டோஅசிடோசிஸ் என்று இதற்குப் பெயர். 2019 வசந்தத்தின் இரண்டு மாதங்களில் ஜெர்மனியில் புதிதாகக் கண்டறியப்பட்ட பிள்ளைகளில் 24.5 சதவீதம் பேர் இந்த நிலையில் வந்தார்கள். 2020இல் அதே இரண்டு மாதங்களில் 44.7 சதவீதம் பேர். நோய் மாறவில்லை, மருந்தும் மாறவில்லை. "இவன் ரொம்பத் தண்ணி குடிக்கிறான்" என்று சொல்ல ஒரு இடம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் போனது.

கதவுக்கு வெளியே காத்திருத்தல்

கிளினிக்குகள் உயிர்பிழைக்கத் தங்கள் நடைமுறையை மாற்றின. காலையில் நலமான குழந்தைகளுக்கு ஊசி, மாலையில் காய்ச்சல் பிள்ளைகள். ஒரு குழந்தைக்கு ஒரே துணை. முன்கூட்டியே போனில் நேரம் வாங்க வேண்டும், கூப்பிடும்வரை வெளியிலோ காரிலோ இருக்க வேண்டும். காத்திருப்பு அறையின் பொம்மைகளும் படப் புத்தகங்களும் அலமாரிக்குப் போயின.

இதில் நலமான குழந்தைகளையும் நோயுற்றவர்களையும் பிரித்தது எப்போதோ செய்திருக்க வேண்டிய காரியம் என்பது என் கருத்து. தட்டம்மை வைரஸ், நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அறையின் காற்றில் தங்கும். அந்த ஊசி போடும் வயதே வராத கைக்குழந்தைகள் அதே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். இவ்வளவு காலம் அதைப் பொறுத்துக்கொண்டிருந்தோம்.

போன் ஆலோசனையை ஒட்டுமொத்தமாக நல்லது, கெட்டது என்று சொல்வதில் பயனில்லை. குழந்தையின் உடலில் எது தூரத்திலிருந்து தெரியும், எது தெரியாது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். வீடியோவில் தெரிவது நாம் நினைப்பதைவிட அதிகம். மூச்சை எண்ணலாம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் அது வேக மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை அந்த எல்லை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுவரை 40. சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னால், மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுகிறதா என்று பார்க்கலாம். குழந்தை முனகுகிறதா, சிரிக்கிறதா, பாலைத் தள்ளுகிறதா என்பதெல்லாம் திரையில் தெரியும். வலிப்பு நோய்க்குப் போன் பெரிய உதவி: அம்மா வாய்வார்த்தையாக விவரிப்பதைவிட, அவர் எடுத்த முப்பது விநாடி வீடியோ மருத்துவருக்கு அதிகம் சொல்லும். ஆஸ்துமா பிள்ளை இன்ஹேலரை வீட்டில் உண்மையில் எப்படி உறிஞ்சுகிறான் என்பதையும் பார்த்துத் திருத்தலாம்.

தெரியாதவை வேறு ரகம். காதின் சவ்வு, இதயத்தின் முணுமுணுப்பு ஒலி, வயிற்றில் கைவைத்தால் படும் வீக்கம், கண்ணில் ஒளி பாய்ச்சினால் தெரிய வேண்டிய சிவப்பு. ஆறு வார வயதில் குழந்தையின் தொடைகளை மடக்கி விரித்து இடுப்பு மூட்டைச் சோதிப்பார்கள். சில விநாடி வேலை. அந்த வயதில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் பட்டை கட்டியே சரிசெய்துவிடலாம். நடக்க ஆரம்பித்த பிறகு தெரிந்தால் அறுவை சிகிச்சை வரை போகலாம். இதற்குக் கை வேண்டும், கேமரா போதாது. இந்தப் பட்டியலில் உள்ள எதைப் பற்றியும் பெற்றோர் தாமாகப் புகார் சொல்ல மாட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். வீட்டில் கேட்கவே தோன்றாத விஷயங்களைத்தான் தொலைபேசி அதிகம் தவறவிட்டது.

வளரிளம் பருவத்தினருக்கு இழப்பு இன்னொரு விதமானது. பதினான்கு வயதுப் பெண்ணிடம் பேசும்போது, "அம்மா கொஞ்ச நேரம் வெளியே உட்காருங்க" என்று மருத்துவர் சொல்வதுண்டு. அந்த ஐந்து நிமிடத்தில்தான் மாதவிடாய் வேதனை, பள்ளியில் நடந்த அவமானம், வீட்டில் நடக்கும் அடி, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் ஆகியவை வெளியே வரும். ஒரே அறையில் குடும்பமே இருக்கும் வீட்டிலிருந்து, அப்பாவின் போனில் அவள் என்ன பேச முடியும்? பலருக்கு அந்தப் போனும் கிடையாது. பள்ளிகள் மூடியிருந்ததால், பிள்ளையின் முகவாட்டத்தைக் கவனிக்கும் ஆசிரியரின் கண்ணும் அப்போது இல்லை.

அம்மாவின் கையில் ஒரு நாடா

பெருந்தொற்றுக் காலத்தின் மாற்றங்களில் எனக்கு மிகுந்த மதிப்பு உள்ள ஒன்று மிக எளியது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தையின் மேல் கையைச் சுற்றி வைக்கும் ஒரு நாடா. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம். சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் சிவப்பு, கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. 125 வரை மஞ்சள். பயிற்சி பெற்ற பணியாளர் வீடு வீடாகப் போய் அளப்பதுதான் நெடுநாள் வழக்கம். அம்மாக்களே அளக்கலாம், அவர்கள் அளவு நம்பத்தக்கது என்பது முன்பே தெரிந்திருந்தது. ஆனாலும் பல இடங்களில் தயங்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தையைத் தொடுவதே ஆபத்து என்ற நிலை வந்ததும் அந்தத் தயக்கம் உடைந்தது. நாடா அம்மாவிடம் போனது.

ஒரு பணியாளர் மாதம் ஒருமுறைதான் அளப்பார். அம்மா வாரம் ஒருமுறை அளக்கலாம். மஞ்சளுக்கு இறங்கியதுமே தெரிந்துவிடும், சிவப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், தன் பிள்ளையின் உடல்நிலையைத் தானே அளந்து, "சிவப்பு வந்திருச்சு, பாருங்க" என்று சுகாதாரப் பணியாளரிடம் சொல்லும் நிலை அது. மருத்துவ அறிவு கைமாறியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எண்ணிக்கையில் வராதவை

2020 மார்ச் முதல் மே வரை அயர்லாந்தில் பிறந்த 309 குழந்தைகளை, ஒரு வயது ஆனபோது, முந்தைய ஆண்டுகளின் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். அர்த்தமுள்ள ஒரு வார்த்தையாவது சொன்னவர்கள் 77 சதவீதம். முன்பு 89 சதவீதம். விரல் நீட்டிக் காட்டுவதும், கையசைத்து டாட்டா சொல்வதும் குறைந்திருந்தன. தவழ்ந்தவர்கள் மட்டும் கூடியிருந்தார்கள். பெற்றோர் சொன்னதை வைத்து எடுத்த கணக்கு என்பதால் இதை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. ஆனாலும் ஆய்வாளர்களின் விளக்கம் மனதில் நிற்கிறது: வீட்டுக்கு யாரும் வராதபோது, யாருக்கு டாட்டா காட்டுவது? வெளியே போகாத வீட்டில், "அது என்ன?" என்று விரல் நீட்டப் புதிதாக என்ன இருக்கும்? தரையில் கழிந்த நேரம் கூடியதால் தவழ்தல் கூடியிருக்கலாம்.

பெரும்பாலான பிள்ளைகள் இதிலிருந்து மீண்டு எழுவார்கள். மருத்துவரின் கவலை மற்ற சிலரைப் பற்றியது. உண்மையிலேயே காது கேளாத குழந்தை, ஆட்டிசம் உள்ள குழந்தை, பேச்சுப் பயிற்சி தேவைப்படும் குழந்தை. "கொரோனா நேரத்துல பொறந்த பிள்ளை, அதான் பேச்சு லேட்" என்ற ஆறுதல் வார்த்தைக்குள் அவர்களும் சேர்ந்து மறைந்துபோனார்கள்.

கண்ணும் மாறியது. சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது, ஆறு வயதினரில் கிட்டப்பார்வை உள்ளவர்கள் 2015 முதல் 2019 வரை எந்த ஆண்டிலும் 5.7 சதவீதத்தைத் தாண்டவில்லை. 2020இல் 21.5 சதவீதம். வெளிச்சமான வெளியில் செலவிடும் நேரம் குறைந்ததையும், அருகில் பார்க்கும் வேலை கூடியதையும் காரணமாகக் கருதுகிறார்கள். அமெரிக்காவில் 2 முதல் 19 வயது வரையிலான நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் உடல் எடைக் குறியீடு ஏறும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பானது. அதே நாட்டில் 2021 அக்டோபரில், குழந்தை மருத்துவர்களின் சங்கம் மற்ற இரண்டு அமைப்புகளோடு சேர்ந்து, பிள்ளைகளின் மனநலத்தில் தேசிய அவசரநிலை என்று அறிவித்தது. காய்ச்சலுக்கும் ஊசிக்குமாக இருந்த அறைக்குள் தூக்கமின்மை, பதற்றம், பள்ளிக்குப் போக மறுப்பது எல்லாம் வந்து சேர்ந்தன. அதற்கான நேரமும் பயிற்சியும் அதே வேகத்தில் வரவில்லை.

திரும்பி வந்த நோய்கள், திரும்பாத குழந்தைகள்

அடங்கியிருந்த கிருமிகள் பருவம் தவறித் திரும்பின. ஆஸ்திரேலியாவில் ஆர்எஸ்வி கோடைக்கு வந்தது. அமெரிக்காவில் 2021 கோடையில் வார்டுகள் நிரம்பின. 2022 டிசம்பரில், ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் குழந்தைகளிடம் ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று கடுமையாகக் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. இதைச் சிலர் 'நோய் எதிர்ப்புக் கடன்' என்றார்கள். அந்தச் சொல் குழப்பம் தருகிறது. கிருமியைச் சந்திக்காததால் குழந்தையின் உடல் பலவீனமாகிவிடுவதில்லை. வழக்கமாக ஒரு பருவத்தில், ஓர் ஆண்டில் பிறந்த குழந்தைகளின் கூட்டம் முதல்முறை தொற்றைச் சந்திக்கும். இப்போது இரண்டு, மூன்று ஆண்டுகளில் பிறந்த கூட்டங்கள் ஒரே நேரத்தில் சந்தித்தன. கூட்டம் பெருத்ததால் வார்டும் பெருத்தது.

தட்டம்மை விஷயத்தில் ஊசி தவறியதும் சேர்ந்துகொண்டது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் மூன்றையும் தடுக்கும் முத்தடுப்பு ஊசியின் மூன்று தவணைகளையும் பெற்ற குழந்தைகள் உலகளவில் 2019இல் 86 சதவீதம், 2021இல் 81. முப்பது ஆண்டுகளில் காணாத தொடர் சரிவு அது. 2019 முதல் 2021 வரை தடுப்பூசியை முழுதாகவோ பகுதியாகவோ தவறவிட்ட குழந்தைகள் 6.7 கோடி என்பது யுனிசெஃப் கணக்கு. தட்டம்மை பரவாமலிருக்க 95 சதவீதம் பேர் அதற்கான ஊசியைப் போட்டிருக்க வேண்டும். 2022இல் உலகில் ஏறக்குறைய 90 லட்சம் பேருக்கு அது வந்தது, 1,36,000 பேர் இறந்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் குழந்தைகள்.

2023 ஏப்ரலில் தவறிய ஊசிகளைப் போட்டு முடிக்கும் உலகளாவிய இயக்கம் தொடங்கியது. 2024இல் முத்தடுப்பு 85 சதவீதத்தை எட்டியது. ஒரு தவணைகூடப் பெறாத குழந்தைகள் 1.43 கோடி. பெருந்தொற்றுக்கு முந்தைய எண்ணிக்கையைவிட இது இன்னும் அதிகம். ஏன் இவ்வளவு மெதுவாக? தடுப்பூசி ஏற்பாடு முழுவதும் வயதை வைத்துக் கட்டப்பட்டது. மருந்து எத்தனை புட்டி வேண்டும் என்பதே அந்த ஆண்டு பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையில்தான் கணக்கிடப்படும். மூன்று வயதில் முதல் ஊசிக்கு வரும் பிள்ளைக்குப் பதிவேட்டில் கட்டமே இருக்காது. "வயசு தாண்டிருச்சே" என்று திருப்பி அனுப்பப்பட்ட குழந்தை இன்னொரு முறை வருவது கடினம்.

அப்படி வரும் பிள்ளைக்கு ஊசி மட்டும் போட்டு அனுப்புவதும் போதாது. அட்டையில் இரண்டு ஆண்டுகள் வெறுமையாக இருக்கின்றன. எடையும் உயரமும் எடுக்கப்படவில்லை, காதையும் கண்ணையும் யாரும் பார்க்கவில்லை, பேச்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒரு குழந்தைக்குப் பத்து நிமிடம் என்ற பழைய கணக்கில் இது அடங்காது. தவறிய தவணைக்கு நிதி ஒதுக்குபவர்கள் புட்டிகளை எண்ணுவதோடு, செவிலியரின் நிமிடங்களையும் எண்ண வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

போன் ஆலோசனை நம்மோடு தங்கிவிட்டது. அதில் கதவு கிடையாது, கதவருகே நின்று தயங்கும் அம்மாவும் கிடையாது. அதற்கு ஒரு வழி உண்டு. எல்லாம் பேசி முடித்த பிறகு, "வேற ஏதாவது கேட்கணும்னு நெனச்சிருந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, இணைப்பைத் துண்டிக்காமல், பதினைந்து விநாடி ஒன்றும் பேசாமல் இருப்பது. முதல் பதில் பெரும்பாலும் "இல்லை டாக்டர்" என்றுதான் வரும். அதற்குப் பிறகும் சற்று நேரம் காத்திருக்க வேண்டும்.